ஊன்ட்றொப்பும் நாலாம் வேற்றுமையும்

மாசத்துக்கு ரெண்டு மடலாவது வந்துடுது. "அக்கா, ஜெர்மனியில எம்.எஸ். சீட் கிடைச்சிருக்கு. கோர்ஸ் முழுக்க இங்கிலீஷ்தான். டொச் படிக்கணுமா?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் எழுதி அலுத்துப் போச்சு. அதனால எல்லாருக்கும் சேர்த்து இந்தப் பதிவு. சின்ன பதில் வேணும்னா இதோ: படிப்புக்கு வேண்டாம், மத்த எல்லாத்துக்கும் வேணும். பெரிய பதில் வேணும்னா ஒரு காபி போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

(டொச்-ன்னா ஜெர்மன் மொழி. ஈழத்துக்காரங்க அப்படித்தான் சொல்றாங்க, எனக்கும் அதுவே ஒட்டிக்கிச்சு. சொல்ல வசதியாவும் இருக்கு.)

நான் இருக்கிறது ஹம்ங்கிற ஊர்ல. டோர்ட்முண்டுக்குக் கிழக்கே, ரயில்ல அரை மணி நேரத்துக்குள்ள வந்துடலாம். ஊர் பெரிசு இல்ல, ரயில் நிலையம் பெரிசு. பெர்லின்லேர்ந்து வர்ற அதிவேக ரயில்கள்ல சிலது இங்கே வந்து ரெண்டா பிரியும். ஒரு பாதி டோர்ட்முண்ட், எஸ்ஸென் வழியா டூசல்டோர்ஃப் போகும். இன்னொரு பாதி ஹாகன், வுப்பர்டால் வழியா கொலோன் போகும். எந்தப் பெட்டி எந்தப் பக்கம்னு ஒலிபெருக்கியில சொல்வாங்க. கடைசி நேரத்துல வரிசை மாறினாலும் அதுலதான் சொல்வாங்க, பெரும்பாலும் டொச்ல, அதுவும் கடகடன்னு. பெட்டியும் மூட்டையுமா நிக்கிற நம்ம புள்ளைங்க முகத்தைப் பார்த்தா பாவமா இருக்கும். "டொச் வேணுமா"ன்னு கேக்கிறவங்களை ஒரு நாள் இந்த பிளாட்பாரத்துல நிக்க வெச்சா போதும், நான் பதிவு எழுத வேண்டிய அவசியமே இல்ல :-)

கணக்கையும் சொல்லிடறேன். 2023-24 குளிர்கால செமஸ்டர்ல ஜெர்மனியில படிச்ச இந்திய மாணவர்கள் சுமார் 49,000 பேர். வெளிநாட்டு மாணவர்கள்ல நாமதான் இப்ப முதலிடம், சீனாவைத் தாண்டியாச்சு. ஏன் வர்றோம்னு ஒளிச்சு வைக்க ஒண்ணும் இல்ல: செலவு கம்மி. நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்துல அரசுப் பல்கலைக்கழகங்கள்ல பயிற்சிக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்கு முன்னூறு யூரோ சொச்சம்தான். ஆனா விசாவுக்கு ஒரு வருஷச் செலவை முடக்கப்பட்ட கணக்குல போட்டுக் காட்டணும். அது 2022-ல பத்தாயிரத்தை ஒட்டி இருந்தது, 2024 செப்டம்பர்லேர்ந்து 11,904 யூரோ. மாசத்துக்கு 992 மட்டும்தான் கைக்கு வரும். 2022 நவம்பர்லேர்ந்து ஏ.பி.எஸ். சான்றிதழ் வேற. இதெல்லாம் தாண்டி வந்தா, வருஷத்துக்கு 140 முழு நாள் இல்லன்னா 280 அரை நாள் வேலை பார்க்க அனுமதி. 2026 ஜனவரியிலேர்ந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ.

படிச்சு முடிச்சதும் வேலை தேட 18 மாசம் தர்றாங்க. முக்கியமான எண் இதுதான். முதல் செமஸ்டர்ல 18 மாசம்னா கடல் மாதிரி தெரியும். கடைசி செமஸ்டர்ல, வீட்டு மேல வாங்கின கல்விக்கடனை அப்பா மாசாமாசம் எடுத்துச் சொல்லாம இருக்கிறதைக் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தா, அது குட்டை மாதிரி தெரியும். வேலை விளம்பரத்தைத் திறந்தா எல்லா தகுதியும் இருக்கும், கடைசி வரியில "டொச் பி2"ன்னு இருக்கும். இல்லன்னா "சரளமாக"ன்னு இருக்கும். என்னோட படிச்ச ஒரு பையன், மார்க்ல எங்க எல்லாரையும் விட மேல, 18 மாசமும் முடிஞ்சு போன வருஷம் கோயம்புத்தூருக்குத் திரும்பிட்டான். அவன் டொச் ஏ1-ஐத் தாண்டல. அது மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன், சந்தையும் மந்தம்தான். ஆனா நூத்துக்கணக்கான விண்ணப்பங்கள்ல பாதியை அவன் அனுப்பவே முடியாம போனதுக்கு அந்தக் கடைசி வரிதான் காரணம்.

சரி, ஊன்ட்றொப்புக்கு வர்றேன்.

ஹம் நகரத்தோட கிழக்குப் பகுதி அது. இந்த எழுத்துக்கூட்டல் என்னோடது இல்ல, இங்கே இருக்கிற ஈழத்தமிழர்கள் எழுதுறது. நம்ம ஊர்ல கேட்டா 'யுயென்ட்ராப்'னு என்னென்னவோ படிப்பாங்க. ஏ2 நெடுஞ்சாலை, தொழிற்சாலைகள், அனல்மின் நிலையத்தோட குளிர்விப்புக் கோபுரங்கள், கால்வாய். தோரியத்துல ஓடின ஒரு அணு உலையும் இங்கேதான் இருந்தது, 1989-ல மூடிட்டாங்க. இதே வட்டாரத்துலதான் பழைய நிலக்கரிச் சுரங்கத்தோட கட்டடத்தை 1984-ல யானை வடிவத்துல கண்ணாடி போட்டு மாத்தி வெச்ச பூங்காவும் இருக்கு. அந்தக் கண்ணாடி யானையைப் பார்த்துட்டு ரெண்டு நிறுத்தத்துல கோயில் வரும்னு நினைக்காதீங்க, இன்னும் கொஞ்ச தூரம் போகணும். தொழிற்பேட்டைக்குள்ள, லாரி நிறுத்துற இடத்தைத் தாண்டினதும் திடீர்னு 17 மீட்டர் உயரத்துல ஒரு ராஜகோபுரம் நிக்கும். ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில்.

யாழ்ப்பாணத்துலேர்ந்து 1985-ல இங்கே வந்த சிவஸ்ரீ பாஸ்கரக்குருக்கள் 1989-ல ஹம்ல சின்னதா ஆரம்பிச்ச கோயில் இது. முதல்ல ஒரு வீட்டோட நிலவறையில இருந்தது. திருவிழாவுக்குக் கூட்டம் சேரச் சேர அக்கம்பக்கத்துல வண்டி நிறுத்த இடமில்லாம சிக்கல் வந்து, கடைசியில தொழிற்பேட்டையில இடம் கிடைச்சுது. காஞ்சிபுரம் காமாட்சி கோயிலை மாதிரியா வெச்சு, ஹம் ஊரைச் சேர்ந்த ஜெர்மன் கட்டடக் கலைஞர் ஒருத்தர் வரைபடம் போட, இந்தியாவுலேர்ந்து ஸ்தபதிகள் வந்து சிற்பம் செய்ய, 2002 ஜூலை 7-ம் தேதி கும்பாபிஷேகம். வருஷாந்திரத் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுக்க இருந்து ஆயிரக்கணக்குல சனம் வரும். தீர்த்தத்துக்கு அம்மன் டாட்டெல்ன்-ஹம் கால்வாய்க்குப் போறா. சரக்குப் படகு போற கால்வாய்!

நான் முதல்ல போனது பக்தியில இல்ல. பொங்கல்ல. திருவிழா நாட்கள்ல சமையலுக்கு ஆள் வேணும்னாங்க, காய் நறுக்கத் தெரியும்னு சொன்னேன், உள்ளே விட்டுட்டாங்க. அங்கே ஒரு அன்ரி. (ஈழத்துல ஆன்ட்டி கிடையாது, அன்ரிதான்.) அறுபதைத் தாண்டினவங்க. என்னைப் பார்த்து முதல் கேள்வி, "பிள்ளை எந்த இடம்?" திருநெல்வேலின்னேன். "யாழ்ப்பாணத்திலையும் ஒரு திருநெல்வேலி இருக்கு, அப்ப எங்கட பிள்ளைதான்" அப்படின்னாங்க. ரெண்டாவது கேள்வி, "டொச் கதைப்பியோ?"

கொஞ்சம் கொஞ்சம்னேன். அவங்க விடல.

இவங்க டொச் படிச்ச கதை நம்ம கதை மாதிரி இல்ல. 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவங்க நிறைய பேர் கிழக்கு பெர்லின்ல விமானம் இறங்கி, எல்லையைத் தாண்டி மேற்கு பெர்லின் வந்தாங்க. அங்கேர்ந்து எந்த மாநிலத்துக்கு அனுப்பறதுங்கிறதை அரசாங்கம் பங்கு பிரிச்சு முடிவு பண்ணிச்சு. ஒதுக்கின மாவட்டத்தை விட்டு அனுமதி இல்லாம வெளியே போகக்கூடாது. வேலையும் கூடாது, 1987-ல வந்த சட்டப்படி அந்தத் தடை அஞ்சு வருஷம். 1991-லதான் எடுத்தாங்க. அரசாங்கமே மொழி சொல்லித்தர்ற ஒருங்கிணைப்பு வகுப்பு வந்தது 2005 ஜனவரியில. அதாவது வந்து இருபது வருஷம் கழிச்சு! இன்னிக்கு ஜெர்மனியில தமிழர்கள் சுமார் 60,000 பேர்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. முதல் தலைமுறையில பெரும்பாலானவங்க வகுப்புல உக்காந்து டொச் படிக்கல. ஹைம்ல (அகதிகள் விடுதிக்கு அவங்க வெச்ச பேர் அதுதான்) ஒருத்தரை ஒருத்தர் கேட்டு, அப்புறம் உணவகச் சமையலறையில பாத்திரம் கழுவிக்கிட்டே, அப்புறம் பிள்ளைங்களோட பள்ளிக்கூடக் கடுதாசிகளைப் படிச்சுப் படிச்சு.

"எங்களுக்கு ஆர் படிப்பிச்சது? காட்டிலை 'வேலை செய்யக்கூடாது' எண்டு எழுதியிருக்கும். நாள் முழுக்க சும்மா இருந்தனாங்கள். பழைய பேப்பரை வைச்சு வாசிச்சுப் பாக்கிறது. விளங்காது. பிறகு விளங்கும்" அப்படின்னு அன்ரி ஒரு நாள் வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொன்னாங்க. சொன்ன விதத்துல கோபமே இல்ல. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு. நமக்கு 280 அரை நாள், 18 மாசம்னு சலுகை எழுதிக் கொடுத்திருக்காங்க. இவங்களுக்கு எழுதிக் கொடுத்தது வேற.

இப்ப இந்தப் பதிவோட முக்கியமான சங்கதி. அன்ரி சொல்லித்தந்த வித்தை.

நாம எல்லாரும் டொச்சை இங்கிலீஷ் வழியா படிக்கிறோம். புத்தகம் இங்கிலீஷ்ல, செயலி இங்கிலீஷ்ல, காணொளி இங்கிலீஷ்ல. அன்ரிக்கு இங்கிலீஷ் அதிகம் தெரியாது. அதனால நேரா தமிழ்லேர்ந்து டொச்சுக்குத் தாவினாங்க. அது எவ்வளவு பெரிய லாபம்னு அவங்களுக்கே தெரியல.

டொச்ல நாலு வேற்றுமை. புத்தகம் லத்தீன் பேர்ல பயமுறுத்தும். அதை நம்ம பள்ளிக்கூட இலக்கணத்துல வெச்சுப் பாருங்க: முதலாம், இரண்டாம், நாலாம், ஆறாம் வேற்றுமை. ஒண்ணுமில்லாதது, ஐ, கு, உடைய. அவ்வளவுதான்! நம்மகிட்ட எட்டு இருக்கு, அதுல நாலை எடுத்துக்கிட்டாங்க, அம்புட்டுதான். இங்கிலீஷ்ல ஐ-யும் கு-வும் பெயர்ச்சொல்லுக்குக் காணாமப் போனதால, இங்கிலீஷ் வழியா வர்றவங்களுக்கு இது புது நோய் மாதிரி தெரியுது.

அதுலயும் நாலாம் வேற்றுமைதான் தங்கம். குளிருதுன்னா இங்கிலீஷ்காரர் "நான் குளிரா இருக்கேன்"ங்கிற மாதிரி சொல்வார். அதை அப்படியே டொச்ல போட்டா "இஷ் பின் கால்ட்". கேக்கிறவர் உங்களுக்கு ஈர இதயம் இல்லன்னு நினைச்சுக்குவார். தமிழ்ல என்ன சொல்றோம்? எனக்குக் குளிருது. டொச்? "மியர் இஸ்ட் கால்ட்." மியர்னா எனக்கு. முடிஞ்சுது கதை. எனக்குப் பிடிச்சிருக்கு: "எஸ் கஃபெல்ட் மியர்." எனக்கு ருசிக்குது: "எஸ் ஷ்மெக்ட் மியர்." அது எனக்குச் சொந்தம்: "டாஸ் கஹேர்ட் மியர்." உனக்கு உதவறேன்: "இஷ் ஹெல்ஃப டியர்." (டியர்னா உனக்கு. யாரும் வேற மாதிரி எடுத்துக்காதீங்க.) நன்றியும் உனக்கு, பதிலும் உனக்கு, ரெண்டு மொழியிலயும். வகுப்புல "இந்த வினைச்சொற்கள் எல்லாம் நாலாம் வேற்றுமை எடுக்கும், மனப்பாடம் பண்ணுங்க"ன்னு ஒரு பட்டியல் தருவாங்க. அதுல பெரும்பகுதி நம்ம நாக்குல ஏற்கெனவே இருக்கு.

"தமிழிலை 'கு' வந்தால் டொச்சிலும் 'கு' எண்டு போடு. பத்திலை எட்டு சரிவரும்" இது அன்ரியோட சூத்திரம். மிச்சம் ரெண்டு எதுன்னும் சொல்லிடறேன். நம்பறதுக்கு நாம "உன்னை நம்பறேன்"போம், அவங்க உனக்குன்னு போடுவாங்க. கேக்கறதுக்கு நாம "உன்கிட்ட கேட்டேன்"போம், அவங்க "உன்னைக் கேட்டேன்"பாங்க.

வாக்கியத்தோட கடைசியில வினைச்சொல் வர்றதும் அப்படித்தான். 'ஏன்னா'ன்னு ஆரம்பிச்சா டொச்ல வினை கடைசிக்கு ஓடிடும். "வைல் இஷ் ம்யூட பின்": ஏன்னா நான் களைப்பா இருக்கேன். வார்த்தைக்கு வார்த்தை அதே வரிசை! அமெரிக்கத் தோழி ஒருத்தி இதுக்காக ஒரு மாசம் அழுதா. நாம பொறந்ததுலேர்ந்து கடைசி வார்த்தைக்குக் காத்திருந்தே பழகினவங்க. நீ, நீங்க வித்தியாசமும் அவங்க 'டூ', 'ஸீ'யில அப்படியே இருக்கு. மாமனாரை நீன்னு கூப்பிடக்கூடாதுன்னு நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

தமிழ் உதவாத இடங்களும் நிறைய உண்டு. உயர்திணை அஃறிணைன்னு பொருள் பார்த்துப் பால் பிரிச்ச நமக்கு, மேசை ஆண், விளக்கு பெண், சின்னப் பொண்ணு மட்டும் அஃறிணைன்னா எப்படி ஜீரணிக்கிறது? எண்களும் தலைகீழ்: 47-ஐ "ஏழும் நாப்பதும்"னு சொல்வாங்க, தொலைபேசி எண் எழுதறப்ப கை பின்னால முன்னால ஓடும். ஒரு வினைச்சொல்லைப் பாதியா வெட்டி வால் பகுதியை வாக்கியத்தோட கடைசியில எறியற பழக்கம் வேற. "இஷ் ஷ்டேஹ உம் ஸீபன் ஊர் அவுஃப்." ஏழு மணிக்கு எழுந்திருக்கேன்னு அர்த்தம். ஊர்ங்கிறது மணி. "எந்த ஊர்"னு யாராவது கேட்டா எனக்கு இப்பல்லாம் கடிகாரம்தான் ஞாபகம் வருது.

இந்தப் பால் விஷயத்துக்கு எனக்கு வாத்தியார் அன்ரியோட பேத்தி. பதினோரு வயசு. பாட்டியோட தமிழ், தம்பியோட டொச், என்னோட ரெண்டும். சமையல்கட்டு மேசையில இருக்கிற ஒவ்வொண்ணையும் கையைக் காட்டி டேரா, டீயா, டாஸான்னு கேப்பா. கத்தி டாஸ், முள்கரண்டி டீ, கரண்டி டேர். மூணும் ஒரே டப்பாவுல கிடக்கு, மூணுக்கும் மூணு பால்! ஏன்னு கேட்டா தோளைக் குலுக்குவா. பதிலுக்கு அவளோட சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வீட்டுப்பாடத்துக்கு நான். ர எங்கே ற எங்கேன்னு அவ கேக்கறப்ப தோளைக் குலுக்கறது என் முறை. "கறி, கரி ரெண்டும் எனக்கு ஒரே மாதிரித்தான் கேக்குது"ன்னா. தப்பில்லம்மா, சென்னையிலயும் நிறைய பேருக்கு அப்படித்தான் கேக்குதுன்னேன்.

பிள்ளைங்களோட உக்காந்து மொழி படிக்கிறது கேவலம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு பழைய ஆளை ஞாபகப்படுத்தறேன். பார்த்தலோமேயு சீகன்பால்க். 1706 ஜூலையில தரங்கம்பாடியில வந்து இறங்கினப்ப அவருக்கு வயசு 24, நம்ம எம்.எஸ். வயசு. திண்ணைப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களோட மணல்ல உக்காந்து விரலால எழுதித்தான் தமிழ் படிச்சார். அப்புறம் புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்சது, தமிழ் இலக்கணத்தை லத்தீன்ல எழுதி 1716-ல ஹாலேயில வெளியிட்டது எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச கதை. அவர் வந்த வேலை மேல யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், அந்த மணல் மேல எனக்குப் பொறாமை உண்டு.

போன திருவிழாவுல பெரிய பரீட்சை ஒண்ணு வந்தது. தேர் பார்க்க ஜெர்மன்காரங்களும் நிறைய வருவாங்க. ஒரு வயசான தம்பதி என்கிட்ட வந்து, வழியெல்லாம் ஏன் இத்தனை தேங்காய் உடைக்கிறாங்க, சாப்பிடக்கூடாதான்னு கேட்டாங்க. இங்கிலீஷ்ல கேக்கல. அவங்க கேட்டதே டொச்ல, எனக்குத் தெரியும்ங்கிற நம்பிக்கையில. ஓடு அகந்தை, உள்ளே இருக்கிற வெள்ளை மனசு, அம்மனுக்குக் கொடுக்கிறாங்கன்னு சொல்லணும். அகந்தைக்கு வார்த்தை வரல, "நான், நான், நான்"னு நெஞ்சைத் தொட்டுக் காட்டி அதை உடைக்கிறாங்கன்னேன். அந்தம்மா சிரிச்சுட்டு, தன் வீட்டுக்காரரைக் காட்டி, "இவருக்கு ஒண்ணு உடைக்கணும்"னாங்க. இவருக்கு! நாலாம் வேற்றுமை!

வர்றவங்களுக்குச் சொல்றது என்னன்னா, ஊர்லயே ஏ2 வரைக்கும் முடிச்சுட்டு வாங்க. சென்னையில மாக்ஸ் முல்லர் பவன் இருக்கு, மத்த இடங்களும் இருக்கு. இங்கே வந்தப்புறம் செமஸ்டர், பகுதிநேர வேலை, சமையல், துணி எல்லாம் சேர்ந்து மூச்சு முட்டும். ஏ1 இல்லாம வந்து "அங்கே போய் காத்துலயே பிடிச்சுக்கலாம்"னு நினைக்காதீங்க. நீங்க குடியிருக்கப் போற வீட்டுல நாலு பேரும் ஆந்திரா, மகாராஷ்டிரா, தமிழ்நாடா இருப்பாங்க, காத்துல தெலுங்குதான் வரும். அரசு அலுவலக மொழி டொச்னு சட்டத்துலயே இருக்கு, அதனால இங்கிலீஷ் பேசுற அதிகாரி கிடைச்சா அதிர்ஷ்டம், கிடைக்கலன்னா சண்டை போட முடியாது. ப்ளூ கார்டு வாங்கினவங்களுக்கு நிரந்தர வதிவிட அனுமதி பி1 இருந்தா 21 மாசத்துல, ஏ1 மட்டும்னா 27 மாசத்துல. அந்த ஆறு மாசத்துக்காகவாவது படிங்க.

எனக்கு இப்ப பி1 கையில இருக்கு. பி2 அடுத்த மாசம். ஒரு கம்பெனியில முதல் சுற்று நேர்காணல் இங்கிலீஷ்ல முடிஞ்சுது, ரெண்டாவது டொச்லன்னு கடிதம் வந்திருக்கு. அன்ரிகிட்ட சொன்னேன். "பயப்பிடாதை. கேள்வி விளங்கேல்லை எண்டால் 'திரும்பச் சொல்லுங்கோ' எண்டு கேள். நான் நாப்பது வரியமா அதைத்தான் கேக்கிறன்" அப்படின்னாங்க. பேத்தி வேற ஒத்திகை எடுக்கிறேன்னு மேனேஜர் மாதிரி கால் மேல கால் போட்டு உக்காந்து, உங்க பலவீனம் என்னன்னு டொச்ல கேக்கறா. முறுக்குன்னேன்.

தேர்த் திருவிழா வழக்கமா மே, ஜூன் பக்கம் வரும். ஐரோப்பாவுல இருக்கிற பதிவர்கள் யாராவது வர்றதா இருந்தா முன்னாடியே ஒரு வரி எழுதுங்க. ஹம் நிலையத்துல வந்து கூட்டிக்கிட்டுப் போறேன். பெர்லின்லேர்ந்து வர்றவங்க பிரச்சினை இல்லாம ஹம்லயே இறங்கிடுங்க. தூங்கிட்டா டூசல்டோர்ஃபா கொலோனான்னு என்னைக் கேக்காதீங்க, ஒலிபெருக்கியைக் கேளுங்க.